பேஸ் பெட்டியும் பக்கத்து வீட்டு ஸ்க்ரூ டிரைவரும்

“நாலு கம்பிதான் இருக்குது? மீதி ரெண்டு அறுந்துபோச்சாங்க?”

இருபது வருடமாக நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு கல்யாண மண்டபத்தை விட்டு நான் வெளியே வந்ததாக ஞாபகமே இல்லை. முதல் சில வருடம் பொறுமையாகப் பதில் சொன்னேன். இது வேற கிடார், இதுக்கு நாலு கம்பிதான், பாட்டுக்கு அடியில தும் தும்னு போகுதே அதுதான் இது என்று வாசித்தும் காட்டுவேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, “அப்போ சீக்கிரம் மீதி ரெண்டையும் மாட்டிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவார். இப்போதெல்லாம் நான் விளக்கம் சொல்வதில்லை. “ஆமாங்க, எலி கடிச்சிடுச்சு” என்கிறேன். எல்லோருக்கும் அதுதான் திருப்தியாக இருக்கிறது.

எனக்கு இந்த வாத்தியம் வந்த கதையும் பெரிய கதை இல்லை. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசித்தவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். கிடார் சும்மா கிடந்தது, நானும் சும்மா இருந்தேன். பெண்பிள்ளை மேடையில் கிடார் வாசிக்கலாமா என்று நாலு பேர் கேட்டார்கள். கேட்டதாலேயே வாசித்தேன். என் சுபாவம் அப்படி. வேண்டாம் என்று சொன்னால்தான் எனக்குக் கை பரபரக்கும்.

கிடார்கூடப் பரவாயில்லை, தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். பேஸுக்கு ஒரு பெட்டி வேண்டும். ஆம்ப்ளிஃபையர் என்று பெயர், எங்கள் குழுவில் எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். பேஸ் சத்தத்தை வெளியே கொண்டுவர மெல்லிசான ஸ்பீக்கரெல்லாம் போதாது. கல்லு மாதிரி மரம், அதற்குள் குண்டுச் சட்டி அகலத்தில் ஒரு ஸ்பீக்கர், கூடவே இரும்பில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். என் பெட்டி முப்பத்தெட்டு கிலோ. பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல் குழு கலைந்தபோது பழசாக வாங்கினோம். கூட வந்த என் வீட்டுக்காரர், “ஒரு பெட்டிதானே, பைக்ல வெச்சுக் கட்டிடலாம்” என்றார். பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கடைசியில் பஸ்ஸில் பின்சீட்டில் அதை உட்காரவைத்துவிட்டு நெய்வேலி வரைக்கும் அவர் நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் பெரிய பலாப்பழத்தை இரண்டு பேர் கோணியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் பெட்டியும் அந்தச் சாதிதான். ஆனால் பலாப்பழத்துக்குக் கை கொடுக்க ஊரே வரும், அறுத்தால் இரண்டு சுளை கிடைக்குமே. பெட்டிக்கு யார் வருவார்கள்? எங்கள் குழுவின் தலைவர், கீபோர்டு வாசிக்கிறவர், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். மதுரைப் பக்கத்துக்காரர், நான் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு முதுகுவலி உண்டு. மண்டபத்து வாசலில் வேன் கதவு திறந்ததும் அது வரும். பெட்டி மேடையேறி முடிந்ததும் போய்விடும். இந்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

தூக்கிக்கொண்டு போய் வைத்தாவது நிம்மதியா? சவுண்டு சர்வீஸ்காரர் வருவார்.

“மேடம், பேஸைக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க.”

“இன்னும் ப்ளக்கே சொருகலைங்க.”

“சொருகினதும் கொறைச்சுக்கங்க.”

அப்புறம் அதன்மேல் யாராவது உட்காருவார்கள். டீ கிளாஸ் வைப்பார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் கைக்குழந்தையைப் பெட்டிமேல் படுக்கவைத்து, நான் வாசிக்க வாசிக்கக் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று சொல்லிக் கடைசிப் பாட்டு வரைக்கும் எடுக்கவே இல்லை. வீட்டிலும் இதே மரியாதைதான். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் மேல்பக்கம் இதமாகச் சூடேறும். மாவுச் சட்டியை அங்கே வைத்தால் காலையில் பூவாகப் பொங்கியிருக்கும். இந்த யோசனை என் வீட்டுக்காரருடையது. இந்தப் பெட்டியால் வீட்டுக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். ஒரு நாள் நான் வாசித்த வேகத்தில் சட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து விளிம்புக்கு வந்து கிடாரின் மேலேயே கவிழ்ந்தது. அந்த வாரம் வாசித்த இடமெல்லாம் புளித்த வாசனை.

இத்தனை பாடுபட்டு வாசிக்கிறேனே, ஒருத்தர் காதிலாவது விழுகிறதா? பாடகியிடம் வந்து கைகொடுப்பார்கள். டிரம்ஸைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். கீபோர்டு அண்ணனுக்குச் சால்வையே போட்டிருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் சாப்பாட்டு ஹாலுக்கு வழி கேட்பார்கள். என் கூடப்பிறந்த தங்கையே என் கச்சேரியை ஒரு முறை முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லா இருந்துச்சுக்கா, நீ எப்ப வாசிச்ச?” என்று கேட்டாள்.

என் வாசிப்பைக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் அதை வாசிப்பு என்று நினைத்துக் கேட்கவில்லை.

சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும், நடுச்சுவர் ஒன்றுதான். எங்கள் டவுன்ஷிப்பில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்குகிற வீட்டுப் பக்கம் பகலில் சத்தம் போடக்கூடாது. எந்த வீட்டில் யாருக்கு எந்த வாரம் என்ன ஷிப்ட் என்று தெருவுக்கே தெரியும். கீரைக்காரம்மா அந்த வாசல் வந்ததும் குரலை இறக்கிக்கொள்வார். பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்பைப் பிடுங்கி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவார்கள். அப்படிப்பட்ட ஊரில், நைட் ஷிப்ட் மாறி மாறி வருகிற ஒருவருடைய நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் முப்பத்தெட்டு கிலோ பெட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் புதிதாகக் குடிவந்த நாளிலிருந்து எனக்குத் திக்திக் என்றுதான் இருந்தது. சத்தத்தை ரொம்பக் குறைத்துத்தான் வாசிப்பேன். ஆனால் பேஸின் குணம் என்னவென்றால், காதுக்குக் குறைந்தாலும் சுவருக்குக் குறையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவர். கைலி, தோளில் துண்டு, தூக்கக் கண், கையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூ டிரைவர். அட ஆண்டவரே, குத்தத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“எம்மா, உங்க வூட்ல எந்த மோட்டாரும்மா ஓடிகினு இருக்குது?”

“மோட்டாரா? ஒண்ணும் ஓடலையே சார்.”

“ஓடுதும்மா. செவுத்துல வெச்சுப் பாத்துட்டுத்தான் வரேன். பேரிங்கு போவற மாதிரி இருக்குது. அப்பிடியே வுட்டீங்கன்னா காயிலு எரிஞ்சிடும்.”

அவர் சுரங்கத்தில் பம்ப் ஃபிட்டர். எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ராத்திரி பகல் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் சுரங்கம் கிணறாகிவிடும். அந்த பம்ப்புகளுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஃபிட்டர்களுக்கு ஒரு பழக்கம், ஸ்க்ரூ டிரைவர் முனையை ஓடுகிற மிஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார்கள். டாக்டர் மார்பில் குழாய் வைப்பது மாதிரிதான். இவர் அதை எங்கள் நடுச்சுவரில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

உள்ளே வந்தார். என் அனுமதியெல்லாம் கேட்கவில்லை, மிஷின் விஷயமாயிற்றே. ஃபிரிட்ஜில் வைத்துக் கேட்டார். கிரைண்டரில் வைத்துக் கேட்டார். வாஷிங் மெஷினைத் தட்டிப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. கிடாரை எடுத்து ஒரு சுரம் வாசித்தேன். அவர் நின்ற இடத்திலேயே திரும்பினார். பெட்டியிடம் வந்து குனிந்து, ஸ்க்ரூ டிரைவரை அதன் தலையில் ஊன்றிக் காதை வைத்தார்.

“ஆங். இதாம்மா.”

“மன்னிச்சுக்குங்க சார். உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன். இனிமே நீங்க நைட் ஷிப்ட் இருக்கிற வாரம் வாசிக்கவே மாட்டேன்.”

“ஐய, யாரும்மா நிறுத்தச் சொன்னது? இது ஓடிகினு இருந்தா நான் பாட்டுக்குத் தூங்குவேன். பம்ப் சத்தத்துலயே உக்காந்து உக்காந்து எனக்குப் பழகிப்போச்சு. சத்தம் நின்னாதான் தூக்கிவாரிப் போடும். நீ நடுவுல நடுவுல நிறுத்தற பாரு, அதாம்மா பேஜாரு.”

எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“இன்னொண்ணும்மா. நாலாவது சுத்து வரும்போதெல்லாம் ஒரு எடத்துல லேசா தட்டுது. பாத்துக்க.”

சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. தட்டுதா? என் வாசிப்பிலா? இருபது வருடமாக மேடையேறுகிறேன், ஒரு பம்ப் ஃபிட்டர் எனக்குத் தாளம் சொல்கிறாரா என்று பொருமிக்கொண்டே அதே இடத்தைத் திரும்ப வாசித்தேன். முதல் சுற்று சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. நாலாவது சுற்றில் சுண்டுவிரல் ஒரு பொட்டு முந்திக்கொண்டு விழுந்தது. இந்தத் தப்பை எத்தனை வருடமாகச் செய்துகொண்டிருந்தேனோ தெரியாது. எங்கள் அண்ணன் கண்டுபிடிக்கவில்லை, டிரம்மர் கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடிக்கவில்லை. கோபம் போய் எனக்கு ஒரே சந்தோஷமாகிவிட்டது. தப்பைத்தான் சொன்னார், ஆனாலும் கேட்டிருக்கிறாரே! அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு வேலியோரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரிப்போர்ட் வரும். “நேத்து உன் மிஷின் நல்லா ஓடிச்சும்மா.” “வெள்ளிக்கெழம கொஞ்சம் லோடு ஜாஸ்தியா?” சால்வை போட்டால்கூட எனக்கு அவ்வளவு இனித்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் புதுக் கீபோர்டு வாங்கினார். பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு என்னை மட்டும் நிறுத்தினார்.

“இங்க பாரு தாயி, கோவப்படாத.”

கோவப்படாதே என்று ஆரம்பித்தால் கோவப்பட வேண்டிய விஷயம்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா?

“இந்தக் கீபோர்டுல எடது கைக்குத் தனியா பேஸ் வருது. அச்சு அசல் கிடார் மாதிரியே இருக்கு. வேன்ல வேற எடம் பத்தல. அந்தப் பெட்டியத் தூக்கவும் ஆள் இல்ல. பெரிய புரோகிராம்னா உன்னையக் கூப்பிடுறேன். சின்ன மண்டபத்துக்கெல்லாம் நானே சமாளிச்சுக்கிறேன்.”

“பெரிய புரோகிராம் கடைசியா எப்ப வந்துச்சுண்ணே?”

அண்ணன் கீபோர்டுக்கு உறை மாட்ட ஆரம்பித்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எடம் இல்லையாம், ஆள் இல்லையாம்! என்னைய வேணாம்னு சொல்றதுக்கு வேனை ஏன்ணே இழுக்கறீங்க?”

“அட, அப்படி இல்ல. நீயே சொல்லு, இத்தன வருஷத்துல யாராச்சும் வந்து பேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்காங்களா? இருந்தாலும் தெரியல. இல்லாட்டியும் தெரியாது.”

அவர் சொன்னது நிஜம், அதுதான் வலித்தது. வாரம் முழுக்க நான் சுரங்கத்து ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் வாஷரும் எண்ணிக் கொடுக்கிறவள். என் வேலையில் யாருக்கும் என் முகம்கூடத் தெரியாது, கூண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கைதான் தெரியும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதற்காகத்தான் மற்ற நாளையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் போய்விட்டால்? அழுகை வந்தது. அவர் முன்னால் அழுவதற்குப் பதில் சண்டை போட்டேன். அரை மணி நேரம் போட்டேன். கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு அண்ணன் இறங்கிவந்தார்.

“சரி சரி. அடுத்த புரோகிராமுக்குப் பெட்டி வரட்டும். வந்தவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், பேஸ்னு ஒண்ணு இருக்குதுன்னு கண்டுக்கிட்டா அது எப்பவும் நம்மகூட வரும். இல்லன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது. வீட்டுக்காரர் கணக்கு இல்ல. நீ சொல்லிக் கொடுத்து வர்றவங்களும் கணக்கு இல்ல.”

அடுத்த புரோகிராம் குள்ளஞ்சாவடியில். வந்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் பக்கத்து வீட்டு சாரின் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. கச்சேரி வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்ல, இவர் எங்கள் குழுவைச் சொல்லிவிட்டார். கேட்டதும் நான் துள்ளிக் குதித்தேன். இவர் ஒருத்தர் போதுமே! சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றுதானே நிபந்தனை, ஜாடை காட்டக் கூடாது என்று இல்லையே? என் மனசாட்சி அந்த அளவுக்கு வளையும். வேலியோரம் போய் நின்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஞாயித்துக்கெழம நீங்க முன்வரிசையில உக்காந்து கேக்கணும் சார்.”

“எங்கம்மா கேக்கறது? எனக்கு சனிக்கெழம நைட்டு ஷிப்ட்டு முடிச்சிட்டு நேரா மண்டபம்தான். வந்த உடனே அப்பிடியே ஒரு சேர்ல சாஞ்சிடுவேன். தயவுசெஞ்சி யாரும் என்ன எழுப்பாதீங்கம்மா.”

போச்சு. என் ஒரே சாட்சி தூங்கப்போகிறார்.

அன்று பார்த்து என் வீட்டுக்காரருக்கும் முதல் ஷிப்ட். விடியற்காலையிலேயே பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். குள்ளஞ்சாவடியில் வேன் நின்றதும் அண்ணனுக்கு முதுகுவலி வந்தது. டிரம்மரும் நானும்தான் மேடைக்கு இழுத்தோம். வைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, சீர்வரிசைக்கார அம்மா ஒருவர் பழம், பாக்கு, தேங்காய் வைத்த தாம்பாளத்தைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தார். “இது நல்ல எடமா இருக்குது” என்றார். சவுண்டு சர்வீஸ்காரர் வந்து பேஸைக் குறைக்கச் சொன்னார். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கிடாரை உற்றுப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். “எலிங்க” என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் சார் வந்தார். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார், நீல யூனிஃபார்ம், தோளில் பை, பையில் டிபன் கேரியரும் துருத்திக்கொண்டிருக்கிற ஸ்க்ரூ டிரைவரும். மூன்றாவது வரிசையில் ஃபேனுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் சேரைப் பிடித்தார். செருப்பைக் கழற்றினார், காலை முன்சேரில் வைத்தார். நான் முதல் சுரத்தை வாசித்தேன். அவர் தலை சாய்ந்தது. பாட்டுக்கு நடுவிலும் பெட்டி ம்ம்ம் என்று இரைந்துகொண்டே இருந்ததால் அவர் அசையவில்லை.

அன்றைக்கு நான் வாசித்த மாதிரி என் ஆயுளில் வாசித்ததில்லை. உள்ளங்கை வியர்த்து விரல் வழுக்கியது, விடவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் யாராவது மேடைப் பக்கம் வருகிறார்களா என்று பார்ப்பேன். வந்தார்கள். பாடகிக்கு ஒரு அம்மா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அண்ணனிடம் ஒருவர் கைகுலுக்கி, “உங்க எடது கை தனியா பேசுதுங்க” என்றார். அவர் கேட்டது முழுக்க என் நாலு கம்பியை! அண்ணன் மறுக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். கிடாரைக் கழற்றி அவர் தலையில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

குழந்தைக்குக் காது குத்தி முடித்து, பந்தி போய்க்கொண்டிருந்தது. கூட்டம் பாதி மண்டபத்தில், பாதி இலையில். ஒரு துள்ளலான பாட்டு. பாதிப் பாட்டில் என் விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போனது. கம்பி அதிர்கிறது, சத்தம் இல்லை. பெட்டியில் எரிகிற சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, அதன் இரைச்சலும் நின்றிருந்தது. அண்ணன் கவனித்துவிட்டார். ஒரு தாளம்கூடத் தவறவிடாமல் அவருடைய இடது கை இறங்கி, தும் தும் என்று நான் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பாட்டு நிற்கவில்லை. பாடகிக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு தலை திரும்பவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, பாத்தியா தாயி என்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்தினார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம், வருத்தமாகத்தான் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை இன்னும் எரிச்சலாக இருந்தது. ஊமைக் கிடாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரி, இத்தோடு முடிந்தது என்று தோன்றிவிட்டது.

“நின்னுபோச்சு!”

மூன்றாவது வரிசையில் சார் எழுந்து நின்றிருந்தார். கண் சரியாகத் திறக்கவில்லை. முன்சேர் கவிழ்ந்து கிடந்தது.

“ஏய், யாருப்பா அங்க? நின்னுபோச்சு, நின்னுபோச்சு!”

பக்கத்தில் இருந்தவர்கள் பதறினார்கள். யாருக்கு நின்றுபோனது, என்ன நின்றுபோனது என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறதே! அவர் யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு வெறுங்காலோடு மேடையேறினார். என்னையும் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியிடம் போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியிலேயே போனார். கீபோர்டுக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பின்னால், அலங்காரத் துணிக்குப் பின்னால். அங்கே வீடியோக்காரர் என் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன்னுடைய லைட்டைச் சொருகியிருந்தார்.

“ஓடற மிஷின்ல கைய வெப்பியா நீ? ஒரு வார்த்தை கேக்க வேணாம்? உள்ள தண்ணி ஏறிச்சின்னா யாருப்பா பதில் சொல்றது?”

குள்ளஞ்சாவடிக் கல்யாண மண்டபத்தில் தண்ணீர் ஏன் ஏறப்போகிறது என்று வீடியோக்காரருக்கு விளங்கவில்லை. பயத்தில் லைட்டைக் கழற்றிவிட்டார். சார் என் ப்ளக்கைச் சொருகினார். பெட்டி ‘டப்’ என்று விழித்துக்கொண்டது. தாம்பாளத்திலிருந்த தேங்காய் ஒரு துள்ளு துள்ளி உருண்டது. நான் பாட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிமேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, நாலு சுற்று முழுசாகக் கேட்டார். தலையை ஆட்டினார். இறங்கிப் போய்க் கவிழ்ந்த சேரை நிமிர்த்தி, காலை அதன்மேல் வைத்து, கண்ணை மூடினார். அந்தப் பாட்டு முடிவதற்குள் குறட்டை கேட்டது.

அண்ணனின் இடது கை எப்போது கீபோர்டை விட்டு மேலே வந்தது என்று நான் கவனிக்கவில்லை. மடியில் கிடந்தது. மிச்சப் பாட்டு முழுக்க அவர் வலது கையால்தான் வாசித்தார்.

கடைசிப் பாட்டு முடிந்து நான் பெட்டியை அணைத்ததும் சார் தானாகவே விழித்துக்கொண்டார். அண்ணன் அவரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒட்டுக்கேட்கத்தான்.

“சார், இன்னைக்குப் பாட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?”

“பாட்டாங்க?” சார் கொட்டாவி விட்டார். “நான் எங்கங்க கேட்டேன்? நல்லாத் தூங்கிகினு இருந்தேன்.”

“நடுவுல எந்திரிச்சு வந்தீங்களே?”

“பின்ன? மிஷின் நின்னா எழுந்துக்க மாட்டாங்களா?” என்று அவர் அண்ணனையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் வருவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. தூங்குகிறவருக்கு யார் சொல்லிக் கொடுக்க முடியும்? அண்ணன் மேடைக்குத் திரும்பி வந்து பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“இத எங்க பிடிச்சுத் தூக்கணும்?”

இருபது வருடமாகக் கூட வருகிற மனிதர் கேட்கிற கேள்வி இது.

“ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்குண்ணே.”

ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான். தரையை விட்டு எழும்பியதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“யாத்தே! இம்புட்டுக் கனமா?”

“அதத்தான் இத்தன வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு வேனுக்குக் கொண்டுபோனோம். மற்ற சாமானெல்லாம் அப்புறம்தான் ஏறின. கீபோர்டுக்கு இடம் பற்றவில்லை, நெய்வேலி வரைக்கும் அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.